சைலன்சர் மாற்றிய பிறகு

லாரி வந்து நின்றபோது மெத்தைக் கடையின் மேலாளர் அம்மா ஒரு காதில் போனும் மறு காதில் விரலுமாக வாசலுக்கு வந்தார். இன்ஜினை அணைக்கும் வரை அவர் எதுவும் பேசவில்லை. அணைத்த பிறகும் கொஞ்சம் காத்திருந்தார். கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்து அடங்க அவ்வளவு நேரம் பிடித்தது.

"உங்க வண்டி தெருவுல திரும்பினாலே, உள்ள மெத்தையில படுத்துப் பாக்கறவங்க எழுந்து உக்காந்துடறாங்க," என்றார். "தூக்கத்தை விக்கற கடைங்க இது. ஒரு வாரம் டைம் தரேன். சத்தத்தைச் சரிபண்ணுங்க, இல்லேன்னா நாங்க வேற வண்டி பாத்துக்கறோம்."

ஓட்டுநர் தலையாட்டினார். காதுக்குள் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்குப் பாதிதான் கேட்டது. மீதியை அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

லாரி அவருடைய சொந்த லாரி. ஒன்பது வருடமாக மெத்தைத் தொழிற்சாலையிலிருந்து கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோய் இறக்குவதுதான் வேலை. பக்கத்து இருக்கையில் அதே ஒன்பது வருடமாக மச்சான். அதாவது, ஓட்டுநரின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். சரக்கை ஏற்றி இறக்குவது, கயிறு கட்டுவது, ரசீதில் கையெழுத்து வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. ஊரின் மறுகோடியில் வீடு. காலையில் பஸ் பிடித்து வந்து லாரியில் ஏறிக்கொள்வார்.

இந்த ஒன்பது வருடத்தில் இருவருக்குள்ளும் ஒரு சின்ன மனத்தாங்கல்கூட வந்ததில்லை. குடும்பத்தில் எங்கே மச்சானும் மாப்பிள்ளையும் முட்டிக்கொண்டாலும், இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஒற்றுமைக்கு என்ன காரணம் என்று யாரும் ஆராயவில்லை. காரணம் லாரியின் அடியில் இருந்தது. இன்ஜினைக் கிளப்பிவிட்டால் உள்ளே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மச்சானின் வாய் அசைவதைப் பார்த்து ஓட்டுநர் இரண்டு முறை என்னவென்று கேட்டார். மச்சானுக்கு அந்தக் கேள்வியே கேட்கவில்லை. வயதில் மூத்தவர், பெண் கொடுத்த வீட்டுக்காரர், அவரை மூன்றாம் முறை கேட்பது மரியாதையில்லை என்று ஓட்டுநர் நினைத்தார். அன்றிலிருந்து மச்சான் வாய் அசைந்தால் இவர் தலையை ஆட்டிவிடுவார். நிதானமாக, ஒரே சீராக, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். மச்சான் முகத்தில் அப்போது ஒரு நிறைவு தெரியும். இப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

மேலாளர் அம்மா கெடு வைத்த மறுநாள் ஓட்டுநர் லாரியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த மெக்கானிக்கை எல்லாரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேலையையும் விளக்கிச் சொல்லாமல் அவர் கையில் ஸ்பானர் எடுக்க மாட்டார். கையில் சாக்பீஸ் எப்போதும் இருக்கும்.

வாத்தியார் சிமெண்டுத் தரையில் ஒரு படம் போட்டார். இன்ஜின் எரித்துத் தள்ளும் புகை நான்கு வழியாக வெளியே வருகிறது. நான்கையும் ஒன்றாகச் சேர்ப்பது மேனிஃபோல்டு. அங்கிருந்து முன்குழாய். பிறகு சைலன்சர். அதற்குள்ளே ஓட்டை போட்ட தகடுகள் வரிசையாக நிற்கும், சத்தம் அவற்றில் மோதி மோதிக் களைத்துப்போகும். கடைசியில் வால்குழாய். அதற்குப் பெரிய வேலையில்லை, வந்ததை வழியனுப்பி வைக்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு லாரியின் அடியில் படுத்துச் சைலன்சரை ஒரு தட்டு தட்டினார். உள்ளேயிருந்து துரு ஒரு கிண்ணம் அளவுக்குக் கொட்டியது.

"உள்ள ஒரு தகடுகூட இல்ல," என்றார் படுத்தபடியே. "இது பேருக்குத்தான் சைலன்சர். மேல குழாய் சேர்ற மூட்டுல வெக்கற கேஸ்கெட்டும் எரிஞ்சுபோயிருக்கு. இத்தனை நாள் எப்படி ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டீங்க?"

ஓட்டுநர் கொட்டிய துருவைக் காலால் ஓரமாக ஒதுக்கினார்.

செய்வதைத் திருந்தச் செய்துவிடலாம் என்று முடிவாயிற்று. புதுக் கேஸ்கெட், இன்ஜின் ஆட்டத்தில் உடையாமல் இருக்க முன்குழாயில் ஒரு நெளிகுழாய், அகலமான புதுச் சைலன்சர், துருப்பிடிக்காத எஃகில் குழாய்கள். இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள் காலை ஓட்டுநர் சாவியைத் திருப்பினார், ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி திருப்பினார். ஏற்கெனவே ஓடுகிற இன்ஜினை ஏன் இப்படிப் போட்டு வதைக்கிறீர்கள் என்று வாத்தியார் வெளியேயிருந்து கேட்டார்.

லாரி வயிறு நிறைந்த பூனை மாதிரி உறுமிக்கொண்டு போயிற்று. மேம்பாலத்தில் கியரைக் குறைக்காமலே ஏறியது. மெத்தைக் கடையில் இவர்கள் வந்து நின்றதே தெரியாமல் மேலாளர் அம்மா உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஓட்டுநருக்குத் தலைகால் புரியவில்லை.

பெருமை அன்று மத்தியானம் வரைதான். அதற்குப் பிறகு லாரிக்குள் வேறு சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் முனகியது. ரசீதுப் புத்தகம் காற்றில் படபடத்தது. மச்சான் மூச்சு விடுவது கேட்டது. தான் எச்சில் விழுங்குவதும் மச்சானுக்குக் கேட்டிருக்கும் என்று ஓட்டுநருக்குத் தோன்றியது, அதன் பிறகு விழுங்கவே சங்கடமாக இருந்தது.

முழுதாக மூன்று நாள் மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறப்பார், ஓட்டுநரைப் பார்ப்பார், மூடிக்கொள்வார். தொண்டையைச் செருமுவார். பிறகு ஜன்னல் வழியாகக் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வருவார். ஒன்பது வருடம் சலிக்காமல் பேசிய மனிதர் இப்படி ஊமையாகிவிட்டாரே என்று ஓட்டுநருக்குக் கவலையாகிவிட்டது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு ஏதாவது கோபமா, இதுவரை என்னதான் பேசிக்கொண்டு போவீர்கள் என்று கேட்டாள். அது யாருக்குத் தெரியும் என்றார் இவர். அவர் வாய் அசையும், நான் தலையை ஆட்டிவைப்பேன், ஒரு சொல்கூடக் காதில் விழுந்ததில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

மனைவி சிரிக்கவில்லை. பெரிய மனுஷரிடம் நடந்துகொள்ளும் முறையா இது என்று கண்டித்தாள்.

"இதை அண்ணன்கிட்ட மறந்தும் சொல்லிடாதீங்க," என்றாள். "ஒம்பது வருஷமா செவுத்தோட பேசியிருக்கோம்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுவாரு."

சொல்ல மாட்டேன் என்று ஓட்டுநர் தலையாட்டினார்.

மறுநாள் பாதி வழியில் மச்சான் வாய் திறந்தார்.

"மாப்பிள்ளை, அந்த மாடி ரூம் விஷயம்."

"எந்த மாடி ரூம் மச்சான்?"

"உங்க வீட்டு மாடி ரூம்தான். என் பொண்ணுக்கு உங்க பக்கத்துக் காலேஜ்ல இடம் கெடச்சா, அங்க தங்கிப் படிக்கட்டும், காலி பண்ணித் தரேன்னீங்களே."

"நான் சொன்னேனா?"

"வாயால சொல்லல," என்றார் மச்சான், சாலையைப் பார்த்தபடி. "தலையாட்டினீங்க. மேம்பாலம் ஏறும்போது."

ஓட்டுநர் யோசித்துப் பார்த்தார். மேம்பாலம் ஏறும்போது அவர் தலையாட்டாத நாளே கிடையாது. இல்லை என்று சொல்ல வேண்டுமானால் ஒன்பது வருடமாக எதுவும் கேட்கவில்லை என்ற உண்மையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. ஆமாம், ஞாபகம் வந்துவிட்டது என்றார்.

அந்த மாடி அறை அவருடைய ராஜ்ஜியம். நான்கு பழைய டயர்கள், முறிந்த ஸ்பிரிங் பட்டைகள், மூன்று செத்த பேட்டரிகள், கை ஒடிந்த ஒரு சாய்வு நாற்காலி, என்றைக்காவது உதவும் என்று சேர்த்த பக்கக் கண்ணாடிகள் ஒரு மூட்டை. யாரும் தன்னைத் தேடக் கூடாது என்று தோன்றும்போது மேலே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். விஷயத்தைக் கேட்டதும் மனைவி காய்கறிக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாரைக் கேட்டு ஒத்துக்கிட்டீங்க? பூம்பூம் மாடு மாதிரி எதுக்கெடுத்தாலும் ஆட்டிடறதா?" என்றாள். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, கொடுத்த வாக்கைக் கொடுத்தாயிற்று, இனி என் அண்ணன் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று பெருமூச்சு விட்டு, பழைய இரும்புக்காரரின் நம்பரை எடுத்துக் கொடுத்தாள். அந்த நம்பர் அவளிடம் தயாராக இருந்தது அதிர்ஷ்டம் என்று ஓட்டுநர் நினைத்துக்கொண்டார்.

ஒரே நாளில் அறை காலியாயிற்று. வெறும் தரையைப் பார்த்தபோது ஓட்டுநருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஒன்பது வருடத்தில் அவர் எத்தனை முறை தலையாட்டியிருப்பார் என்று யாருக்கும் தெரியாது. மச்சான் ஒருவருக்கு மட்டும் தெரியும். லாரி இப்படியே அமைதியாக ஓடினால் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

மறுபடி வாத்தியாரிடம் போனார். கொஞ்சம் சத்தம் வேண்டும் என்றார்.

வாத்தியார் அவரை நெடுநேரம் பார்த்தார். போன வாரம் சத்தம் வேண்டாம் என்று வந்த ஆள் இவர்தானா என்று உறுதி செய்துகொள்வது போல இருந்தது அந்தப் பார்வை. வண்டி வருவது தெரியாமல் ஜனங்கள் குறுக்கே வந்துவிடுகிறார்கள் என்று ஓட்டுநர் ஒரு பொய் சொன்னார். அப்படியானால் நியாயம்தான் என்று வாத்தியார் சாக்பீஸை எடுத்தார். சத்தத்தில் இரண்டு வகை. ஓட்டைச் சைலன்சர் போடுவது இரைச்சல். பருமனான குழாய் போடுவது கம்பீரம். வால்குழாயைக் கொஞ்சம் குட்டையாக்கி, இன்னும் ஒரு விரல் அகலமாக்கினால் லாரிக்குக் குரல் தடித்துவிடும், அவ்வளவுதான்.

குரல் தடித்தது. ஆனால் எப்போதும் இல்லை. வேகம் நாற்பதைத் தொட்டதும் லாரிக்குள் ஒரு ரீங்காரம் கிளம்பும். பல் கூசும், சாவிக்கொத்து நடுங்கும். ஐம்பதைத் தாண்டினால் நின்றுவிடும். நாற்பதுக்குக் கீழே வந்தாலும் நின்றுவிடும். மச்சான் இதை ஒரு தடையாக எடுத்துக்கொள்ளவில்லை. ரீங்காரம் வந்ததும் குரலை உயர்த்திப் பேசினார். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தபோது வேகம் நாற்பத்திரண்டு. எதிரே சிக்னல் சிவப்பாயிற்று, ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார், ரீங்காரம் சட்டென்று நின்றது. மச்சானின் குரல் நிற்கவில்லை.

"பொண்ணுக்குச் சீட் கெடச்சா மீசையை எடுத்துடறேன்னீங்களே மாப்பிள்ளை, எப்ப எடுக்கறீங்க?"

பக்கத்தில் நின்ற பஸ்ஸில் ஒரு வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிக்னல் போலீஸ்காரரும் பார்த்தார். ஓட்டுநரின் மீசை பார்க்கக்கூடிய மீசைதான். இருபத்தாறு வருடமாக இரண்டு பக்கமும் முறுக்கி விட்டது. பஸ் ஜன்னலில் இருந்த ஒருவர் அதை நன்றாகப் பார்த்துவிட்டு, "சொன்னா செஞ்சிடணும் சார்," என்றார்.

பெண்ணுக்கு முந்தின நாள்தான் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சாட்சிக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அன்று சாயங்காலமே ஓட்டுநர் முடிதிருத்தகத்துக்குப் போனார். உறுதியாகத்தானா என்று முடிதிருத்துபவர் மூன்று முறை கேட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி அவரைப் பார்த்தாள், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அவள் இப்படி அழுவாள் என்று ஓட்டுநர் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் போய், விடு, இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும் என்று தேற்றினார்.

"வேணாம்," என்றாள் கையை எடுக்காமலே. "அண்ணன் பொண்ணுக்காக வெச்ச வேண்டுதல். மறுபடி வளத்தா தெய்வக் குத்தம்."

மீசை போன இடத்தில் காற்றுப் பட்டுக்கொண்டே இருந்தது. அந்த எரிச்சலில் மூன்றாம் முறை பட்டறைக்குப் போனார். இந்த முறை அவருக்குத் தெளிவான ஒரு யோசனை இருந்தது. குழாயைப் பின்னால் கொண்டுபோகாமல், நேராக மேலே ஏற்றிவிட வேண்டும். மச்சான் உட்காரும் பக்கம், அவருடைய ஜன்னலை ஒட்டி. பெரிய லாரிகளில் அப்படி உண்டு என்று வாத்தியாரும் ஒத்துக்கொண்டார். எஃகுக் குழாய் வெயிலில் பளபளவென்று நின்றது. தெருவில் போகிறவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் ஜன்னல் பக்கம் இரைச்சல் கேட்கும்படியாகத்தான் இருந்தது. அவர் கால் மணி நேரம் பொறுத்தார். பிறகு நகர்ந்து நடு இருக்கைக்கு வந்துவிட்டார்.

இப்போது இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் கியர் மாற்றும்போதெல்லாம் மச்சானின் முழங்காலிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. மச்சானுக்குக் குரலை உயர்த்தும் சிரமம் இல்லாமல் போயிற்று. வாய் ஓட்டுநரின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வண்டி எடுக்கறதில்லன்னு பேசி முடிச்சோமே மாப்பிள்ளை," என்றார் மெதுவாக. "அதை எந்த வாரத்துலேருந்து வெச்சுக்கலாம்?"

ஓட்டுநர் தலையாட்டவில்லை. கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் ரோட்டில் ஒரு பள்ளம் வந்தது.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நடைமுறைக்கு வந்தது. மனைவி அதையும் வரவேற்கவில்லை. ஒரு நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து என் உயிரை வாங்கப்போகிறீர்களா என்று அலுத்துக்கொண்டாள். இருப்பதுதான் இருக்கிறீர்கள் என்று சொட்டுகிற குழாயையும் மூடாத அலமாரிக் கதவையும் காட்டினாள். சாயங்காலம் பூங்காவுக்கு நடந்துவிட்டு வரலாம் என்று செருப்பை எடுத்து முன்னால் வைத்தாள்.

திங்கட்கிழமை மெத்தைக் கடையில் வேறொரு வினை காத்திருந்தது. மேலே ஏறிய குழாய் புகையை நேராகப் பின்னால் சரக்கின் மேல் அனுப்பிக்கொண்டிருந்தது. உறை கிழிந்திருந்த ஏழு வெள்ளை மெத்தைகளில் கரிப்பொட்டுகள். மேலாளர் அம்மா ஒரு மெத்தையை நிமிர்த்திப் பிடித்துக் காட்டினார்.

"காலையில ஒருத்தர் வந்து, இதே டிசைன்ல பெரிய சைஸ் இருக்கான்னு கேட்டுட்டுப் போறாரு," என்றார். அதில் சிரிப்பு எதுவும் இல்லை. இன்னொரு முறை இப்படி ஏதாவது நடந்தால் தொழிற்சாலைக்கே எழுதிவிடுவதாகச் சொன்னார். ஏழு மெத்தைகளையும் ஓட்டுநரும் மச்சானும் ஈரத்துணி வைத்து மத்தியானம் வரை துடைத்தார்கள். வேலை கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அப்போதுதான் ஓட்டுநருக்கு முதல் தடவையாக வந்தது.

குழாய் கீழே இறங்கியது, வால்குழாய் பழைய அளவுக்குத் திரும்பியது. இறக்கி முடித்துவிட்டு வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னார். வண்டியைச் சரிபண்ண வேண்டுமானால் எப்போது வேண்டுமானாலும் வரலாம், கெடுக்க வேண்டுமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சாக்பீஸையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வேறு ஆள் யாரும் இல்லாததால் ஓட்டுநரே கெடுக்க முடிவு செய்தார். ஒரு சாயங்காலம் டிரில்லை எடுத்துக்கொண்டு லாரியின் அடியில் படுத்தார். வாத்தியார் சொன்ன பாடம் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். சைலன்சருக்கு முன்னால் குழாயில் ஓட்டை இருந்தால் சத்தம் களைத்துப்போகும் முன்பே வெளியே வந்துவிடும். முதலில் கடுகளவு போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மிளகளவு ஆக்கினார். சீழ்க்கை மாதிரி வந்தது. பட்டாணி அளவு ஆக்கியதும்தான் பழைய லாரி கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அந்த அளவில் நிறுத்திக்கொண்டார்.

ஓட்டை வழியாகச் சத்தம் மட்டும் வரவில்லை. மறுநாள் வண்டி தொழிற்சாலை வாசலில் வரிசையில் நின்றபோது, தரை இடுக்கு வழியாகப் புகை உள்ளே ஏறியது. மச்சானுக்குத் தொண்டை கமறியது. இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு ஜன்னலையும் இறக்கச் சொன்னார். பிறகு புகை எங்கிருந்து வருகிறது என்று தேடினார். ஓட்டுநரின் விரலிடுக்கில் அப்போதுதான் பற்றவைத்த சிகரெட் இருந்தது.

மச்சான் கொஞ்ச நேரம் அந்தச் சிகரெட்டையே பார்த்தார்.

"இதையும் விட்டுடறேன்னீங்க மாப்பிள்ளை," என்றார். "ரெண்டு தடவை தலையாட்டினீங்க."

ஓட்டுநருக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. புகை சிகரெட்டுடையது அல்ல, நானே போட்ட ஓட்டையுடையது என்று சொல்லலாம். உடனே எதற்கு ஓட்டை என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் ஒன்பது வருடமும் வெளியே வந்துவிடும். சிகரெட்டை ஜன்னல் விளிம்பில் நசுக்கினார். பாக்கெட்டையும் எடுத்து மச்சான் கையில் கொடுத்தார். பதினெட்டு வயதிலிருந்து பிடித்தது. அன்று பகல் முழுக்க அவருக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதோடு முடியவில்லை. அடுத்த நாளும் புகை வந்தது. மச்சான் மூக்கை உறிஞ்சி, இடுப்பில் ஒளித்துவைத்துப் பிடிக்கிறீர்களா என்பது போல ஒரு பார்வை பார்த்தார். அதற்கும் அடுத்த நாள், வாக்குத் தவறியவருக்குப் பக்கத்தில் உட்காருவது போல விலகி உட்கார்ந்தார். விட்டதும் விட்டு, விடாத பெயரும் வாங்குவது ஓட்டுநருக்குப் பொறுக்கவில்லை. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டுமானால் ஓட்டையை அடைத்தே ஆக வேண்டும்.

வாத்தியார் லாரியின் அடியிலிருந்து ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

"இது எப்படி விழுந்துச்சு?"

"துருதான்," என்றார் ஓட்டுநர்.

"புது எஃகுக் குழாய். துரு இவ்வளவு வட்டமா திங்காது," என்றார் வாத்தியார். அதற்கு மேல் கேட்கவில்லை. ஓட்டையைப் பற்றவைத்து அடைத்தார், எதற்கும் இருக்கட்டும் என்று பின்னால் இன்னொரு சின்னச் சைலன்சரையும் சேர்த்து மாட்டினார்.

அதன் பிறகு லாரி ஓடுகிறதா என்பதை ஓட்டுநர் கண்ணாடியில் மரங்கள் நகர்வதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். தோற்றுவிட்டோம் என்று அவர் ஒத்துக்கொண்டாயிற்று. மாடி அறை இல்லை, மீசை இல்லை, ஞாயிற்றுக்கிழமை சரக்கு இல்லை, சிகரெட் இல்லை. ஒரு மாதம் போயிற்று. காலையில் எழுந்ததும் வருகிற இருமல் ஒரு நாள் வரவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செருப்பு முன்னால் வராவிட்டால் அவரே தேட ஆரம்பித்தார். இதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மச்சானுக்கு இன்னும் நான்கு விஷயம் ஞாபகம் வரும்.

மச்சான் மேல் அவருக்குக் கோபம் இருந்தது. அதைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. எந்த வளைவில், எந்தப் பாலத்தில், எத்தனை முறை தலையாட்டினார் என்று ஒரு மனிதர் இப்படி மனதில் பதித்து வைத்திருக்க முடியுமா என்று நினைத்து நினைத்துப் பார்த்தார். எதற்கும் தலையாட்டுவதை அவர் அறவே நிறுத்திவிட்டார். வண்டி இப்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று மேலாளர் அம்மா பாராட்டியபோதுகூட, கழுத்தை அசைக்காமல் வாயால் மட்டும் ஆமாம் என்றார்.

கல்லூரி திறந்தது. மச்சானின் பெண் ஒரு பெட்டியும் ஒரு மேசை விளக்குமாக மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள். தானுண்டு தன் படிப்புண்டு என்று இருக்கிற பெண். கேட்டால் பதில் சொல்வாள், சொல்வதை நேராகச் சொல்வாள். அந்த வாரம் ஒரு நாள் முழங்கால் வலி என்று மச்சான் வரவில்லை. போகிற வழிதானே, பெண்ணைக் கல்லூரியில் இறக்கிவிட்டுப் போங்கள் என்று மனைவி சொன்னாள். பெண் லாரியில் ஏறி, அவளுடைய அப்பா உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

லாரி மேம்பாலம் ஏறியது. லாரிக்குள் அவளுடைய கைக்கடிகாரத்தின் சத்தம் கேட்டது. இப்படி ஒரு சந்தர்ப்பம் மறுபடி வாய்க்காது என்று ஓட்டுநருக்குத் தோன்றியது. வீட்டில் அப்பா பேசுவதையெல்லாம் கேட்டு வளர்ந்த பெண். இவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஒவ்வொன்றாக வந்து விழுவதை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பதைவிட, மொத்தத்தையும் தெரிந்துகொண்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

"உங்கப்பாவுக்கு இருக்கற ஞாபகசக்தி யாருக்கும் வராதும்மா," என்று ஆரம்பித்தார். "ஒம்பது வருஷத்துல நான் எதுக்கெல்லாம் தலையாட்டினேனோ அத்தனையும் மனசுல வெச்சிருக்காரு. இன்னும் என்னென்ன இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சா சொல்லிடு. தப்பா நினைக்க மாட்டேன். எல்லாத்தையும் ஒரேயடியா முடிச்சுக் குடுத்துடறேன்."

பெண் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று முகத்தில் தேடினாள். இல்லை என்று தெரிந்ததும் பையைச் சரியாக வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா உங்ககிட்ட எதுவுமே கேட்டதில்லையே மாமா. வண்டிச் சத்தத்துல வெளியில யாருக்கும் கேக்காதுன்னு ஒம்பது வருஷமா பாட்டுதான் பாடிக்கிட்டு வந்தாராம், மாப்பிள்ளை ரசிச்சுத் தலையாட்டுவாருன்னு வீட்டுல அப்படிப் பெருமைப்படுவாரு. மாடி ரூம், மீசை எல்லாம் அத்தை போன் பண்ணி சொல்லச் சொன்னது."